பள்ளி நிறைவும் சேர்க்கைத் தகுதியும்: கலிபோர்னிய உயர்நிலைப் பள்ளிப் பாடநெறித் திட்டமிடலில் சொல்லும் பொருளும்

1. இருவேறு பள்ளி மரபுகள்

தமிழ்நாட்டில் ஒரு மாணவரின் பள்ளிப் படிப்பு எப்போது நிறைவுறுகிறது என்னும் வினாவிற்கு விடை எளிது. பன்னிரண்டாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சிக்குரிய மதிப்பெண்ணைப் பெற்றால் நிறைவுறுகிறது. எந்தப் பாடங்களைப் படிப்பது என்பதையும் மாணவர் ஒரே ஒருமுறைதான் முடிவு செய்கிறார். பதினோராம் வகுப்பில் சேரும்போது, பேச்சு வழக்கில் 'குரூப்' எனப்படும் பாடப்பிரிவைத் தெரிவு செய்தபின் மாற்றத்திற்கு இடம் மிகக் குறைவு. 1978-இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமான காலந்தொட்டு இம்மரபு தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் ஒரு சொற்றொகுதியையே நிலைநிறுத்தியுள்ளது. பாஸ், பெயில், மார்க், குரூப், கட்-ஆஃப், கவுன்சலிங் ஆகிய சொற்கள் அனைத்தும் தேர்வு என்னும் ஒரு நிகழ்வை மையமாகக் கொண்டு சுழல்கின்றன.

அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்தில் அத்தகைய ஒற்றைத் தேர்வு இல்லை. 2006-இல் பள்ளி முடித்த வகுப்பு முதல் ஒரு வெளியேறு தேர்வு கட்டாயமாக இருந்தது. 2015-இல் அதுவும் நிறுத்தப்பட்டது. அங்கே பள்ளி நிறைவு என்பது நிகழ்வன்று, சேமிப்பு. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளில், பருவந்தோறும் முடிக்கும் பாடநெறிகள் ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்ந்து, வகுத்துரைக்கப்பட்ட அளவை எட்டும்போது பள்ளி நிறைவுறுகிறது. எனவே எந்த ஆண்டில் எந்தப் பாடநெறி என்னும் திட்டத்தை ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்திலேயே வகுக்க வேண்டியுள்ளது. அத்திட்டத்தை வகுக்கும் பொறுப்பில் மாணவருக்கும் பள்ளி ஆலோசகருக்கும் உள்ள பங்கு பெற்றோருக்கும் உண்டு.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அங்கே குடியேறிய பெற்றோர், இத்திட்டம் பற்றிய குறிப்பேட்டைத் தமிழில் படிக்கும்போது எதைப் புரிந்துகொள்கின்றனர் என்பது மொழிபெயர்ப்பியல் சார்ந்த வினா. சொல்லுக்குச் சொல் நிகரன் தரும் தமிழாக்கம், பெற்றோரின் மனத்திலுள்ள தேர்வு மரபையே எழுப்பிவிடுகிறது. அதன் விளைவு வெறும் நடைக்குறையன்று. நான்கு ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழக விண்ணப்பத்தின்போதுதான் அது தெரிய வரும்.

மேலே செல்லுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழில் 'பாடம்' என்பது கணிதம் போன்ற அறிவுத்துறையையும், இயற்கணிதம்–1 போன்று ஓராண்டில் கற்பிக்கப்படும் தொகுதியையும், அன்றாடம் வகுப்பில் நடத்தப்படும் பகுதியையும் ஒருங்கே குறிக்கிறது. இம்மூன்றனுள் நடுவிலுள்ளதே பாடநெறித் திட்டமிடலின் அடிப்படை அலகு. அதற்கு இலங்கைத் தமிழில் நிலைபெற்றுள்ள 'பாடநெறி' என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது.

2. அளவை: கிரெடிட், யூனிட்

அமெரிக்கப் பள்ளிக் கணக்கின் மூல அளவை ஓய்வூதியத் திட்டமொன்றிலிருந்து பிறந்தது. கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்குவதற்காக ஆண்ட்ரூ கார்னகி 1905-இல் ஒரு கோடி டாலர் அளித்தார். எந்த நிறுவனம் உண்மையில் கல்லூரி, எது கல்லூரி என்னும் பெயரில் நடக்கும் உயர்நிலைப் பள்ளி என்று வரையறுக்க வேண்டிய நிலை அறக்கட்டளைக்கு ஏற்பட்டது. நான்காண்டு உயர்நிலைப் படிப்பை, அதாவது 14 யூனிட்டுகளை, முடித்தவர்களையே சேர்த்துக்கொள்வது கல்லூரி என்று 1906-இல் வரையறை வகுக்கப்பட்டது. ஒரு துறையில் ஓராண்டுக் காலம், ஏறத்தாழ 120 மணிநேரம் வகுப்பில் பயில்வது ஒரு யூனிட். ஓய்வூதியத்தை நாடிய கல்லூரிகள் இவ்வளவையை ஏற்றன. கல்லூரியை நாடிய பள்ளிகளும் அதன்படி பாடங்களை அளந்தன. இவ்வாறு கல்லூரியை வரையறுக்க எழுந்த அளவுகோல் பள்ளியை அளக்கும் கோலாயிற்று.

இவ்வளவை எதனை அளக்கிறது என்பது மொழிபெயர்ப்பாளர் முதலில் மனங்கொள்ள வேண்டிய செய்தி. அது கற்றலின் தரத்தை அளப்பதில்லை. கற்பித்தலின் காலத்தை அளக்கிறது. ஒரு பாடநெறியில் முதல்தரம் பெற்றவருக்கும் தட்டுத்தடுமாறித் தேறியவருக்கும் கிடைக்கும் 'கிரெடிட்' ஒன்றே. ஆகவே 'கிரெடிட்' என்பதனை 'மதிப்பெண்' என்று பெயர்ப்பது பொருளைத் தலைகீழாக்கிவிடும். அகராதி தரும் 'கடன்', 'வரவு' ஆகியன வங்கிக்கே பொருந்தும். 'யூனிட்' என்பதற்கு 'அலகு' என்று எழுதினால் வேறொரு தடை குறுக்கிடுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'அலகு' என்பது நூலின் உட்பிரிவு. 'மூன்று அலகுகள் முடிக்க வேண்டும்' என்று படிக்கும் பெற்றோர் பாடநூலின் மூன்று இயல்களையே எண்ணுவர். இக்கட்டுரையில் இவ்விரண்டிற்கும் பொதுவாக 'மதிப்பலகு' என்னும் சொல் ஆளப்படுகிறது. ஒலிபெயர்ப்பாகக் 'கிரெடிட்' என்றே எழுதுவோர்மீதும் குறை காண்பதற்கில்லை. குறிப்பேட்டைப் படிக்கும் பெற்றோர் பள்ளியில் கேட்கப்போவது அச்சொல்லைத்தான்.

சொல்லைத் தேர்ந்தாலும் எண் சிக்கல் எஞ்சி நிற்கிறது. டெக்சசில் ஓராண்டுப் பாடநெறிக்கு ஒரு மதிப்பலகு. அங்கே பள்ளி நிறைவுக்கான அடிப்படை அளவு 22. நியூயார்க்கிலும் அளவு 22 யூனிட்டே. கலிபோர்னியப் பள்ளி மாவட்டங்களிலோ ஒரு பருவத்துக்கு 5, ஓராண்டுக்கு 10 எனக் கணக்கிடுவது பெருவழக்கு. லாஸ் ஏஞ்சலீஸ் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம் 210 மதிப்பலகுகளைக் கோருகிறது. டெக்சசின் 22-ஐயும் லாஸ் ஏஞ்சலீசின் 210-ஐயும் அருகருகே காணும் பெற்றோருக்கு இரண்டாவது பத்து மடங்கு கடினமானது எனத் தோன்றலாம். உண்மையில் ஆண்டுக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அளவையைக் கூறாமல் எண்ணை மட்டும் பெயர்ப்பது, கிலோ என்றோ பவுண்டு என்றோ கூறாமல் எடையைச் சொல்வது போன்றது.

3. இரு வாயில்களும் ஒரு சொல்லும்

கலிபோர்னிய மாநிலச் சட்டம் பள்ளி நிறைவுக்கு நெடுங்காலமாக வகுத்துள்ள குறைந்த அளவு, ஆண்டுக் கணக்கில் 13 பாடநெறிகள். ஆங்கிலம் மூன்று, இயற்கணிதம்–1 உள்ளிட்ட கணிதம் இரண்டு, உயிரியலும் இயற்பொருள் அறிவியலுமாக அறிவியல் இரண்டு, வரலாறு, குடிமையியல், பொருளியல் அடங்கிய சமூக அறிவியல் மூன்று, உடற்கல்வி இரண்டு. இவற்றோடு கலை, பிறமொழி, தொழிற்கல்வி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று. இதன்மேல் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் நிபந்தனைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலானவை சேர்த்துக்கொண்டும் உள்ளன.

மாநிலத்தின் இரு பொதுப் பல்கலைக்கழக அமைப்புகளான கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகமும் கோருவது வேறொரு பட்டியல். ஏ முதல் ஜி வரையான ஏழு எழுத்துகளால் வழங்கும் அப்பட்டியலில் 15 ஓராண்டுப் பாடநெறிகள் உள்ளன. ஏ வரலாறும் சமூக அறிவியலும், இரண்டு. பி ஆங்கிலம், நான்கு. சி கணிதம், மூன்று. டி அறிவியல், இரண்டு. இ ஆங்கிலமல்லாத மொழி, இரண்டு. எஃப் காட்சிக் கலை அல்லது நிகழ்த்து கலை, ஒன்று. ஜி கல்லூரிக்கு ஆயத்தமாக்கும் தெரிவுப் பாடநெறி, ஒன்று. உடற்கல்வி இதில் இடம்பெறுவதில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை, இப்பதினைந்தனுள் பதினொன்றைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன்பே முடித்திருக்க வேண்டும்.

இரு பட்டியல்களையும் ஒப்பிட்டால் இடைவெளி தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்தில் ஓராண்டும் கணிதத்தில் ஓராண்டும் குறைவாகப் படித்த மாணவர், பிறமொழி எதனையும் தொடாமலேயே மாநிலச் சட்டத்தின்படி பள்ளியை நிறைவு செய்யலாம். விழாவில் சான்றிதழையும் பெறலாம். அவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் நேரடிச் சேர்க்கை வாயில் திறக்காது. சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து ஈராண்டு பயின்றபின் மாறிச் செல்லும் வழி உண்டு. ஆதலின் கதவு முற்றிலும் அடைபடுவதில்லை. ஆயினும் அது பெற்றோர் எண்ணியிருந்த வழியன்று.

பாடநெறிகளின் எண்ணிக்கையை விட நுட்பமான வேறுபாடு தரக்குறியீட்டில் உள்ளது. பள்ளி நிறைவைப் பொறுத்தவரை, பொதுவாக டி தரமும் தேர்ச்சியே. மதிப்பலகு முழுமையாகக் கிடைக்கும். பல்கலைக்கழகப் பட்டியலைப் பொறுத்தவரை சி தரமோ அதற்கு மேலோ பெற்றால்தான் அப்பாடநெறி கணக்கில் சேரும். ஒரே மாணவர், ஒரே பாடநெறி, ஒரே தரம். ஒரு கணக்கில் தேர்ச்சி, மற்றொரு கணக்கில் இல்லை. ஆங்கிலக் குறிப்பேடுகள் இவ்வேறுபாட்டைச் சொற்களிலேயே காட்ட முயல்கின்றன. முன்னதற்குத் 'தேறுதல்' என்னும் பொருளுடைய சொல்லும் பின்னதற்கு 'நிறைவு செய்தல்' என்னும் பொருளுடைய சொல்லும் பெரும்பாலும் ஆளப்படுகின்றன. தமிழாக்கத்தில் இரண்டும் 'தேர்ச்சி' என்றாகிவிட்டால் வேறுபாடு மறைந்துபோகிறது. பொதுத்தேர்வு மரபில் தேர்ச்சி ஒன்றே. தேறிய மாணவர் எல்லா நோக்கங்களுக்கும் தேறியவரே. கல்லூரிச் சேர்க்கைக்கு மதிப்பெண் போதாமற் போகலாம், ஆனால் தேர்ச்சி செல்லாமற் போவதில்லை. இம்மனப்பதிவுடன் படிக்கும் பெற்றோருக்கு 'இயற்கணிதத்தில் டி, தேர்ச்சி' என்னும் வரி ஆறுதலளிக்கும், எச்சரிக்கையாகத் தோன்றாது.

இதனால் 'பள்ளி நிறைவுக்குப் போதும்', 'பல்கலைக்கழகச் சேர்க்கைக்குச் செல்லும்' என்று நோக்கத்தை வெளிப்படக் கூறும் தொடர்களே இங்கு ஏற்றவை. 'தேர்ச்சி' என்னும் பெயர்ச்சொல் தனித்து நிற்கும்போது 'எதற்கு' என்னும் வினாவை எழுப்புவதில்லை. 'போதும்', 'செல்லும்' ஆகிய வினைகளோ நான்காம் வேற்றுமைப் பெயரொன்றை எதிர்நோக்கி நிற்பவை. இலக்கணமே படிப்பவரை அவ்வினாவிற்கு இட்டுச் செல்கிறது.

டி பெற்ற பாடநெறியைத் திரும்பப் படிக்கலாம். சி பெற்றால் பல்கலைக்கழகக் கணக்கில் சேரும். ஆனால் பள்ளிக் கணக்கில் அதற்குரிய மதிப்பலகு முன்பே வழங்கப்பட்டுவிட்டதால் பொதுவாக இரண்டாம் முறை கிடைக்காது. ஒரு பாடவேளை செலவாகிறது, சேமிப்பு உயர்வதில்லை. கணிதத்திலும் மொழியிலும் வேறொரு விதி உண்டு. மேல்நிலைப் பாடநெறியில் சி பெற்றால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, கீழ்நிலைப் பாடநெறியிலிருந்த குறை ஈடுசெய்யப்பட்டதாகக் கொள்ளப்படும். 'வேலிடேஷன்' எனப்படும் இதனைச் 'சரிபார்ப்பு' என்று பெயர்ப்பது பொருந்தாது. 'மேல்நிலை வழி ஈடு' எனலாம்.

இரு வாயில்களையும் ஒன்றாக்கும் முயற்சியும் நடந்துள்ளது. ஏ–ஜி பட்டியலையே பள்ளி நிறைவுக்கான நிபந்தனையாக்குவது என லாஸ் ஏஞ்சலீஸ் பள்ளி மாவட்டம் 2005-இல் தீர்மானித்தது. 2017-இல் பள்ளி முடிக்கும் வகுப்பு முதல் சி தரமும் கட்டாயமாகவிருந்தது. பெருந்தொகையான மாணவர் பள்ளியையே முடிக்க இயலாமற் போவர் என்னும் நிலை எழவே, 2015-இல் வாரியம் டி தரமே போதும் என முடிவு செய்தது. இதன் விளைவாக அங்கே பாடநெறிப் பட்டியல் ஒன்றாகவும் தேர்ச்சியின் பொருள் இரண்டாகவும் நிற்கின்றன. பட்டியல் ஒன்றாகத் தோன்றுவதால் பொருள் வேறுபாடு முன்னிலும் மறைவாகிவிட்டது. இத்தகைய மாவட்டத்தின் குறிப்பேட்டைப் பெயர்ப்பவர் மூலத்தில் இல்லாத ஒரு விளக்க வரியைச் சேர்ப்பாராயின், அது மீறலாகாது.

எழுத்துகளைப் பற்றி ஒரு சொல். பட்டியலின் ஏழு எழுத்துகளை அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ எனத் தமிழ் நெடுங்கணக்கு வரிசைக்கு மாற்றுவது அழகாகத் தோன்றினும் பயனற்றது. பள்ளி ஆவணங்களோடு பெற்றோரால் அதனை ஒப்பிட இயலாது. ஒலிபெயர்த்து எழுதினாலோ 'சி பிரிவில் டி' என்னும் விந்தையான தொடர் பிறக்கிறது. முதலெழுத்து கணிதத்தைக் குறிக்கிறது, இரண்டாவது தரத்தை. ஆங்கிலத்தில் பாடப்பிரிவைச் சிற்றெழுத்தாலும் தரத்தைப் பேரெழுத்தாலும் எழுதி வேறுபடுத்த முன்னர் இயன்றது. இப்போது அங்கும் இரண்டுமே பேரெழுத்தாகிவிட்டன. தமிழ் எழுத்தில் அந்த வசதி என்றும் இருந்ததில்லை. 'கணிதப் பிரிவில் டி தரம்' எனப் பெயரும் தரமும் சேர்த்து எழுதுவதே வழி.

4. வினைகளும் வேற்றுமைகளும்

கலைச்சொற்களைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் விழிப்போடு இருப்பர். வினைகளே அவர்களை அறியாமல் நழுவுகின்றன.

'நான்கு ஆண்டு ஆங்கிலப் பாடம் எடுக்க வேண்டும்' என்னும் வாக்கியத்தை நோக்குக. ஆங்கில வினையின் நேர்ப்பெயர்ப்பாக வந்த 'எடு', தமிழில் 'பாடம்' என்னும் பெயரோடு உருபின்றி இணையும்போது கற்பித்தல் என்னும் பொருளைத் தருகிறது. பாடம் எடுப்பவர் ஆசிரியர். இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு 'பாடத்தை எடுத்தார்' என வரும்போதுதான் தெரிவு செய்தல் என்னும் பொருள் பேச்சு வழக்கில் கிடைக்கிறது. பெயரும் வினையும் ஒன்றிக் கூட்டுவினையாவதும், உருபு ஏற்ற பெயர் தனிச் செயப்படுபொருளாக நிற்பதும் தமிழ்த் தொடரியலில் நன்கு அறியப்பட்ட வேறுபாடு. 'படிக்க வேண்டும்', 'பயில வேண்டும்' என்றால் இடரில்லை.

'வேண்டும்' என்னும் துணைவினை இன்னும் கவனத்திற்குரியது. பல்கலைக்கழகப் பட்டியலில் கணிதம் மூன்று ஆண்டு கட்டாயம், நான்கு ஆண்டு பரிந்துரை. அறிவியலும் மொழியும் இரண்டு ஆண்டு கட்டாயம், மூன்று ஆண்டு பரிந்துரை. ஆங்கிலத்தில் இருவேறு துணைவினைகளால் காட்டப்படும் கட்டாயமும் அறிவுரையும் தமிழில் 'வேண்டும்' ஒன்றிலேயே அடங்கிவிடும். 'மூன்று ஆண்டு படிக்க வேண்டும், நான்கு ஆண்டு படிக்க வேண்டும்' என்று யாரும் எழுதப்போவதில்லை. ஆனால் பரிந்துரை மட்டும் தனியே வரும் பத்தியில் 'நான்கு ஆண்டு கணிதம் படிக்க வேண்டும்' என்று எழுதும் வாய்ப்பு மிகுதி. 'படித்தே ஆக வேண்டும்', 'படிப்பது நல்லது' என்னும் இணை, எளிய தமிழில் இவ்வேறுபாட்டை ஐயமின்றி நிலைநிறுத்தும்.

'ரிக்வயர்மென்ட்' என்பதற்குத் 'தேவை' என்று எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. 'பட்டமளிப்புத் தேவைகள்' என்னும் தொகையில் நான்காம் வேற்றுமை மறைந்துள்ளதா ஆறாம் வேற்றுமை மறைந்துள்ளதா என்பது தெரிவதில்லை. பட்டமளிப்பு விழாவிற்கு வேண்டிய உடை, கட்டணம் முதலியன என்றும் அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. உருபை விரித்துப் 'பள்ளி நிறைவுக்குரிய நிபந்தனைகள்' என்றால் மயக்கம் நீங்கும்.

'தேர்வு' என்னும் சொல்லின் இருபொருள் தமிழாசிரியர்கள் அனைவரும் அறிந்ததே. 'விருப்பப் பாடத் தேர்வு' என்னும் தலைப்பு, விருப்பப் பாடத்தைத் தெரிவு செய்வதையும் அப்பாடத்தில் நடக்கும் பரீட்சையையும் குறிக்கும். தேர்வு மரபில் வளர்ந்தவர் இரண்டாவதையே முதலில் கொள்வர். இத்தொடரில் 'விருப்பம்' என்பதும் வழுக்கும். அமெரிக்க மரபில் 'எலெக்டிவ்' என்பது வேண்டுமாயின் படிக்கலாம், வேண்டாவிடில் விடலாம் என்னும் பாடமன்று. எதைப் படிப்பது என்பதில்தான் உரிமை. இத்தனை படித்தாக வேண்டும் என்பது கட்டாயம். டெக்சசின் 22 மதிப்பலகுகளுள் 5, நியூயார்க்கின் 22-இல் மூன்றரை இவ்வகையின. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராயிருந்த சார்லஸ் எலியட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த தெரிவு முறையின் வழித்தோன்றல் இது. பள்ளிப் பாடங்களை ஒழுங்குபடுத்த 1892-இல் அமைந்த பதின்மர் குழுவின் தலைவரும் அவரே. 'தெரிவுப் பாடநெறி' என்பது இவ்விரு மயக்கங்களையும் ஒருசேரத் தவிர்க்கிறது.

'ஆண்டு' என்னும் சொல்லிலும் ஒரு மறைபொருள் உண்டு. 'இரண்டு ஆண்டு மொழிப் படிப்பு' என்பதில் ஆண்டு என்பது காலத்தை விட நிலையையே குறிக்கிறது. மூன்றாம் நிலை ஸ்பானிய மொழிப் பாடநெறியில் நேரே சேர்ந்து ஓராண்டில் சி தரத்துடன் முடித்த மாணவர், மூன்று ஆண்டு படித்தவராகவே பல்கலைக்கழகத்தால் கொள்ளப்படுவார். ஏழாம், எட்டாம் வகுப்பில் முடித்த இயற்கணிதமும் கணக்கில் சேரும். மாறாக, தொடக்க நிலையையே ஈராண்டாகப் பிரித்துப் படித்தவருக்கு ஓராண்டுதான். காலத்தை அளக்கப் பிறந்த கார்னகி அளவை, நடைமுறையில் நிலையை அளக்கும் சொல்லாகத் திரிந்துள்ளமை பொருள் மாற்றத்திற்கு நல்ல சான்று. தமிழில் 'இரண்டாம் நிலை வரை' என்று எழுதினால் பெற்றோர் தவறான கணக்குப் போடமாட்டார்கள்.

5. நிறுவனப் பெயர்கள்

'கிராஜுவேஷன்' என்பதற்குப் 'பட்டம் பெறுதல்' என்றும் 'டிப்ளமோ' என்பதற்குப் 'பட்டயம்' என்றும் எழுதுவது தமிழ்நாட்டில் முறையே கல்லூரியையும் பல்தொழில்நுட்பக் கல்லூரியையும் நினைவூட்டும். பள்ளி மாணவர் பட்டதாரியாவதில்லை. 'பள்ளி நிறைவு', 'பள்ளி நிறைவுச் சான்றிதழ்' ஆகியனவே பொருந்துவன. 'உயர்நிலைப் பள்ளி' என்னும் பெயரும் முற்றிலும் ஒத்ததன்று. தமிழ்நாட்டில் அது பத்தாம் வகுப்போடு முடிகிறது, அதன்மேல் உள்ளது மேல்நிலைப் பள்ளி. கலிபோர்னியாவிலோ பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஒரே பள்ளி. 'நான்காண்டு உயர்நிலைப் பள்ளி' என முதல் இடத்தில் ஒருமுறை விளக்கிவிட்டால் போதும்.

இலங்கைத் தமிழ் சில இடங்களில் கைகொடுக்கிறது, சில இடங்களில் இடறச் செய்கிறது. 'பரீட்சை', 'தெரிவு', 'பாடநெறி' ஆகியன தேர்வு பற்றிய மயக்கத்தை அறவே நீக்குகின்றன. ஆனால் அங்கே 'தரம்' என்பது வகுப்பைக் குறிக்கும்; 'தரம் 9' என்றால் ஒன்பதாம் வகுப்பு. தமிழ்நாட்டார் 'தரம்' என்று எழுதும் குறியீட்டை இலங்கைப் பெற்றோர் வேறாகக் கொள்ள இடமுண்டு. கலிபோர்னியத் தமிழர் இரு நாட்டினரும் ஆதலின் 'மதிப்பீட்டுத் தரம்' என முழுமையாக எழுதுவது காப்பு. 'கவுன்சலர்' என்பதனை 'ஆலோசகர்' எனல் வேண்டும். 'கவுன்சலிங்' என்றதும் தமிழ்நாட்டார் நினைப்பது பொறியியல் இடங்களுக்கான கலந்தாய்வை. கலிபோர்னியப் பள்ளி ஆலோசகரோ எந்த இடத்தையும் ஒதுக்குபவர் அல்லர்.

6. அயல்மொழியாகத் தமிழ்

பட்டியலின் இ பிரிவு தமிழர்க்கு நேரடியாக உரியது. இப்பிரிவினை அமெரிக்க மாநிலங்கள் அயல்மொழி என்றும், உலக மொழி என்றும், ஆங்கிலமல்லாத மொழி என்றும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறாகக் குறித்து வந்துள்ளன. மூன்றும் ஒரே இடத்தைக் குறிப்பினும் ஒரே பொருளுடையன அல்ல. 'அயல்மொழி இரண்டு ஆண்டு' என்று படிக்கும் தமிழ்ப் பெற்றோர், பள்ளியில் கற்பிக்கப்படும் ஸ்பானியம், பிரெஞ்சு, சீனம் ஆகியவற்றையே எண்ணுவர். தம் வீட்டில் பேசும் மொழி தமக்கு அயல்மொழியாகும் என எவரும் கருதுவதில்லை. 'ஆங்கிலமல்லாத மொழி' என்னும்போதுதான் தமிழும் அதனுள் அடங்கும் என்பது புலப்படுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் கையாளும் சொல்லும் இதுவே. எதிர்மறையால் அமைந்த, ஓசையினிமையற்ற இத்தொடர் மூன்றனுள் மிகத் துல்லியமானது.

இவ்வேறுபாட்டால் விளையும் பயன் கண்கூடானது. இப்பிரிவை வகுப்பறைப் பாடநெறியால் மட்டுமன்றி, ஏற்கப்பட்ட மொழித்திறன் தேர்வாலும் நிறைவு செய்ய வழியுண்டு. ஆங்கிலமல்லாத மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளியில் ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ ஈராண்டு சி தரத்திற்குக் குறையாமல் பயின்றிருந்தாலும் பல்கலைக்கழகம் ஏற்கும். எட்டாம் வகுப்பு வரை மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ தமிழ்வழியில் பயின்று கலிபோர்னியா சென்ற மாணவர், இ பிரிவிற்காகப் புதிதாக ஸ்பானியம் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் தம் பழைய பள்ளிச் சான்றுகளைக் காட்டி அந்த ஈராண்டுப் பாடவேளையை அறிவியலுக்கோ கணிதத்திற்கோ ஒதுக்கலாம். ஆங்கிலவழியில் பயின்று தமிழை ஒரு பாடமாக மட்டும் படித்தவருக்கு இவ்விதி பொருந்தாது. 'தமிழ் படித்தவர்' என்று பொதுவாகப் பெயர்த்தால் இவ்விருவரும் ஒருவராகிவிடுவர்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் படிப்பைச் சில பள்ளி மாவட்டங்கள் மதிப்பலகாக ஏற்கின்றன. அந்த ஏற்பு பள்ளிக் கணக்கிற்கு மட்டுமா, பல்கலைக்கழகக் கணக்கிற்குமா என்பது தனியே கேட்டறிய வேண்டியது. மூன்றாம் பகுதியில் கண்ட இரு வாயில்கள் இங்கும் தனித்தனியே நிற்கின்றன. இருமொழித்திறனுக்கு மாநிலம் வழங்கும் முத்திரை 2011-இல் இயற்றிய சட்டத்தால் கலிபோர்னியாவில் முதலில் ஏற்பட்டது. அது பள்ளி நிறைவுச் சான்றிதழில் இடம்பெறும் சிறப்பு. நிபந்தனைகளுள் எதற்கும் அது ஈடாகாது. 'முத்திரை பெற்றால் மொழிப் பாடம் முடிந்தது' என்னும் விளக்கம் தவறு.

ஒரு பள்ளியின் மாணவருள் 15 விழுக்காட்டிற்குக் குறையாதோர் ஒரே பிறமொழியினராயின், பெற்றோருக்கு அனுப்பும் அறிவிப்புகளை அம்மொழியிலும் தர வேண்டும் என்பது கலிபோர்னியக் கல்விச் சட்டம். அவ்வரம்பை எட்டாத மொழிகளில் இப்பணி பெரும்பாலும் தன்னார்வலர் கைக்கும் பொறி மொழிபெயர்ப்பின் கைக்கும் போகிறது. பொறி மொழிபெயர்ப்பு 'கிரெடிட்' என்பதைக் 'கடன்' என்று தரும்போது பிழை வெளிப்படையாகத் தெரிகிறது, படிப்பவர் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வர். அது 'தேர்ச்சி' என்று தரும்போதோ யாரும் ஐயுறுவதில்லை.

7. இந்தியச் சூழலில் மதிப்பலகு

இச்சொற்கள் கடல்கடந்த தமிழர்க்கு மட்டும் வேண்டியன என்னும் நிலை மாறிவருகிறது. இந்தியாவில் 2023-இல் வெளியான தேசிய மதிப்பலகுச் சட்டகம், பள்ளிக் கல்வியையும் மதிப்பலகுக் கணக்கிற்குள் கொணர்கிறது. ஓராண்டின் கற்றல் 1200 மணிநேரம். 30 மணிநேரத்திற்கு ஒன்றாக ஆண்டுக்கு 40 மதிப்பலகு. ஆங்கிலத்தில் இதன் பெயரும் 'கிரெடிட்' தான். ஆனால் கார்னகி அளவையின் 120 மணிநேரம் வகுப்பறையில் கழிவது. இச்சட்டகத்தின் மணிநேரமோ வகுப்பறைக்கு வெளியே நிகழும் பயிற்சி, செயல்திட்டம், தன்கற்றல் ஆகியவற்றையும் உள்ளடக்கிய கருத்தளவிலான காலம். எனவே ஒன்றை மற்றொன்றாக வகுத்தோ பெருக்கியோ மாற்ற இயலாது. இந்தியப் பள்ளியிலிருந்து அமெரிக்கப் பள்ளிக்கு மாறும் மாணவரின் மதிப்பெண் பட்டியலைப் பெயர்ப்பவர், 40 என்னும் எண்ணைக் கலிபோர்னியப் பள்ளியின் ஆண்டுக் கணக்கோடு இணைத்து எழுதுவதைத் தவிர்த்து, எந்தப் பாடத்தில் எத்தனை ஆண்டு, எந்த நிலை வரை, எந்தப் பயிற்றுமொழியில் என்பதனை எழுதுவாராயின் அப்பள்ளியின் ஆலோசகர் அதனைக் கொண்டு முடிவு செய்ய இயலும்.